கணனிக்கும் சாட்சி வேண்டும்

அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது என்று கேட்டால் நம்மில் பலர் சற்றுத் தயங்கக்கூடும். ஸூரதுல் பகராவின் 282ஆம் வசனமே அது. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும், அதற்குச் சாட்சிகளையும் ஏற்படுத்திக்கொள்ள வேண்டும் என்பதை அது விரிவாகப் போதிக்கிறது. கொடுப்பவரும் நல்லவர், வாங்குபவரும் நல்லவர் என்றால் எழுத்தும் சாட்சியும் எதற்கு என்று கேட்கலாம். மனிதன் மறக்கக் கூடியவன். நல்லெண்ணம் வேறு, ஆதாரம் வேறு. ஆதாரம் கேட்பது சந்தேகப்படுவதாகாது. அது இரு சாராரையும் பாதுகாக்கும் ஏற்பாடாகும்.

இன்று நாம் நமது பணத்தை மட்டுமல்ல, பல வேளைகளில் உயிரையே கணனியின் கையில் ஒப்படைத்திருக்கிறோம். வங்கிக் கணக்கு, வைத்தியசாலை இயந்திரம், விமானம், வாகனத்தின் தடுப்பு, கையடக்கத் தொலைபேசி என அது இல்லாத இடமில்லை. இந்தக் கணனி தனக்கு இட்ட வேலையைச் சரியாகவே செய்யும் என்பதற்கு யார் சாட்சி? "பரிசோதித்துப் பார்த்தோம், சரியாக இருந்தது" என்று அதைச் செய்தவர் சொல்வது போதுமானதா? இக்கேள்விக்கு விடை தேடிய கணித அறிஞர்கள் ஒரு புதிய துறையையே உருவாக்கியிருக்கிறார்கள். கணனியைக் கொண்டே தேற்றங்களை நிறுவும் துறை அது. அதைப் பற்றியே இம்மாதம் பார்க்கப் போகிறோம்.

256ஆவது தடவை

1980களில் கனடாவின் அணுசக்தி நிறுவனம் தெராக்-25 என்றொரு இயந்திரத்தைத் தயாரித்தது. புற்றுநோயாளருக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை அளிக்கும் இயந்திரம் அது. அதன் முந்திய வகைகளில், தவறான அளவு கதிர் பாயாமல் தடுக்கும் பூட்டுகள் இயந்திரப் பாகங்களாகவே பொருத்தப்பட்டிருந்தன. புதிய இயந்திரத்தில் அப்பூட்டுகளை நீக்கிவிட்டு அந்தப் பொறுப்பைக் கணனிப் புரோகிராமிடம் ஒப்படைத்தார்கள். விளைவு என்ன? 1985 முதல் 1987 வரையான காலத்தில் அமெரிக்காவிலும் கனடாவிலும் 6 நோயாளிகள் அளவுக்கு மிஞ்சிய கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். சிலர் அதனாலேயே உயிரிழந்தார்கள்.

பின்னர் ஆராய்ந்தபோது புரோகிராமில் ஒன்றுக்கு மேற்பட்ட பிழைகள் இருந்தது தெரியவந்தது. அவற்றுள் ஒன்று மிகச் சிறியது. கருவி சரியான இடத்தில் இருக்கிறதா என்று சோதிக்க வேண்டுமா, வேண்டாமா என்பதைக் குறிக்க ஓர் எண்ணை வைத்திருந்தார்கள். அது 0 என்றால் சோதனை தேவையில்லை. வேறு எந்த எண் என்றாலும் சோதிக்க வேண்டும். ஆயத்தம் செய்யும் ஒவ்வொரு சுற்றிலும் அவ்வெண்ணுடன் 1 கூட்டப்பட்டது. ஆனால் அந்த எண்ணுக்கு ஒதுக்கப்பட்ட இடமோ 0 முதல் 255 வரையான எண்களை மட்டுமே கொள்ளும். 255உடன் 1 கூட்டினால் 256 வராது. மீண்டும் 0 வந்துவிடும். ஆகவே 256 சுற்றுக்கு ஒரு தடவை இயந்திரம் "சோதனை தேவையில்லை" என்று எண்ணிக்கொண்டது. சரியாக அந்தக் கணத்தில் இயக்குபவரின் விரல் பொத்தானை அழுத்தினால் சோதனையின்றியே கதிர் பாய்ந்துவிடும்.

நூறு தடவை பரிசோதித்தாலும் இப்பிழை தென்படாமல் போகலாம். அந்தப் புரோகிராமை எழுதியவர் கெட்டவருமல்லர், பரிசோதித்தவர் சோம்பேறியுமல்லர் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியிருந்தும் நோயாளி பாதிக்கப்பட்டார் என்பதுதான் இங்கு கவனிக்க வேண்டியது.

உதாரணங்கள் நிறுவலாகா

பரிசோதனைக்கு ஏன் இந்தக் குறைபாடு? ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். ஏதாவது ஒரு முழு எண்ணை எடுத்து அதனை அதே எண்ணால் பெருக்குங்கள். அதனுடன் அந்த எண்ணையும், மேலும் 41ஐயும் கூட்டுங்கள். 1ஐ எடுத்தால் 43 வரும். 2ஐ எடுத்தால் 47. 3ஐ எடுத்தால் 53. 4ஐ எடுத்தால் 61. இவை யாவும் வேறு எண்களால் மீதியின்றிப் பிரிபடாத முதன்மை எண்கள். 10ஐ எடுத்தாலும் 20ஐ எடுத்தாலும் 39ஐ எடுத்தாலும் அப்படியே. 39 தடவை சரி வந்த பிறகு "எப்போதும் முதன்மை எண்தான் வரும்" என்று சொல்ல நமக்கு ஆசை வரும். ஆனால் 40ஐ எடுத்துப் பாருங்கள். 1681 வரும். அது 41ஐ 41ஆல் பெருக்கிய தொகை. நம் நம்பிக்கை அங்கே உடைந்துவிடுகிறது.

அப்படியானால் எல்லா எண்களையும் பரிசோதித்துவிட்டால் என்ன? 32 இலக்க இரும எண்கள் இரண்டைப் பெருக்கும் ஒரு சாதாரண கணனிச் சுற்றை எடுத்துக்கொள்வோம். ஒவ்வோர் எண்ணுக்கும் ஏறத்தாழ 429 கோடி பெறுமானங்கள் உண்டு. இரண்டையும் சோடி சேர்த்தால் வரும் சேர்மானங்களை, செக்கனுக்கு நூறு கோடி வீதம் பரிசோதித்தாலும் வேலை முடிய ஏறத்தாழ 584 ஆண்டுகள் செல்லும். இன்றைய கணனிகளோ 64 இலக்க எண்களைக் கையாளுகின்றன. அவற்றைப் பரிசோதித்து முடிக்க எந்த மனிதனின் ஆயுளும் போதாது.

நெதர்லாந்தைச் சேர்ந்த கணனி அறிஞர் டைக்ஸ்ட்ரா இதனை மீண்டும் மீண்டும் வலியுறுத்தினார். பரிசோதனையால் பிழை இருப்பதைக் காட்டலாமேயன்றி, பிழை இல்லை என்பதை ஒருபோதும் காட்ட முடியாது என்பது அவரது கருத்து. அப்படிக் காட்ட வேண்டுமானால் ஒரே வழி, பாடசாலையில் நாம் கற்ற கேத்திரகணிதத்தின் வழிதான்.

முறை தந்தார், நிறுவலும் தந்தார்

தரவு, நிறுவ வேண்டியது, அமைப்பு, நிறுவல் என்று கொப்பியில் எழுதியது வாசகர்களுக்கு நினைவிருக்கும். இருசமபக்க முக்கோணியின் சமபக்கங்களுக்கு எதிரான கோணங்கள் சமம் என்பதை நிறுவ, ஆயிரம் முக்கோணி வரைந்து கோணமானியால் அளந்தால் ஆசிரியர் புள்ளி வழங்க மாட்டார். ஏற்கனவே ஏற்றுக்கொள்ளப்பட்ட உண்மைகளிலிருந்து படிப்படியாக, ஒவ்வொரு படிக்கும் காரணம் காட்டி முடிவுக்கு வர வேண்டும். அப்படி ஒரு தடவை நிறுவிவிட்டால் உலகில் இதுவரை வரையப்பட்ட, இனி வரையப்படப் போகின்ற அத்தனை இருசமபக்க முக்கோணிகளுக்கும் அது பொருந்தும். பரிசோதனைக்கும் நிறுவலுக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

இங்கே நமது முன்னோர் ஒருவரையும் நினைவுகூர்வது பொருத்தமானது. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த முஹம்மத் இப்னு மூஸா அல்குவாரிஸ்மியின் பெயரே இலத்தீன் மொழியில் திரிந்து, கணனி படிப்படியாகப் பின்பற்றும் செய்முறையைக் குறிக்கும் அல்கோரிதம் என்ற சொல்லாயிற்று. அவரது நூலின் தலைப்பிலுள்ள அல்ஜப்ர் என்ற சொல்லே அட்சரகணிதத்திற்கு மேலை மொழிகளில் பெயராயிற்று. இவை பலரும் அறிந்தவை. ஆனால் அவர் கணக்கைச் செய்யும் முறையைச் சொன்னதோடு நிற்கவில்லை என்பதைப் பலர் அறிவதில்லை.

ஓர் எண்ணின் வர்க்கத்துடன் அவ்வெண்ணின் பத்து மடங்கைக் கூட்டினால் 39 வருகிறது, அவ்வெண் யாது? இது அவர் எடுத்துக்கொண்ட கணக்குகளில் ஒன்று. பத்தில் பாதி 5. அதன் வர்க்கம் 25. அதை 39உடன் கூட்டினால் 64. அதன் வர்க்கமூலம் 8. அதிலிருந்து 5ஐக் கழித்தால் விடை 3. இது முறை. இம்முறை ஏன் சரி என்பதை அவர் படம் வரைந்து காட்டினார். தெரியாத எண்ணைப் பக்கமாகக் கொண்ட ஒரு சதுரம். அதன் இரு பக்கங்களில் 5 அகலமான இரண்டு செவ்வகங்கள். இவை மூன்றின் பரப்பும் சேர்ந்து 39. மூலையில் விடுபட்ட சிறு சதுரத்தின் பரப்பு 25. அதை நிரப்பினால் 64 பரப்புள்ள ஒரு முழுச் சதுரம் கிடைக்கிறது. அதன் பக்கம் 8. விடை கண்ணெதிரே தெரிகிறது. செய்முறையோடு நிறுவலையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்ற இந்தப் பண்பைத்தான் இன்றைய கணனி உலகம் தேடிக்கொண்டிருக்கிறது.

கணனி நிறுவுவது எப்படி?

ஒரு புரோகிராமில் இலட்சக்கணக்கான வரிகள் இருக்கலாம். அவற்றைப் பற்றிய நிறுவலை மனிதன் கையால் எழுதினால், எழுதுபவர் களைப்படைவார். எழுதும்போதே பிழை விடுவார். ஆகவே நிறுவும் வேலையையும் கணனியிடமே ஒப்படைக்கலாமே என்ற எண்ணம் பிறந்தது. 1956இல் அமெரிக்காவின் நியூவெல், சைமன், ஷோ ஆகிய மூவரும் அத்தகைய ஒரு புரோகிராமை ஆக்கினார்கள். வைட்ஹெட், ரசல் ஆகியோர் தர்க்கவியல் பற்றி எழுதிய பெருநூலின் இரண்டாம் அத்தியாயத்திலுள்ள முதல் 52 தேற்றங்களில் 38ஐ அது தானாகவே நிறுவியது. ஒரு தேற்றத்துக்கு நூலில் இருந்ததை விடச் சுருக்கமான நிறுவலையும் அது கண்டுபிடித்தது.

1965இல் அலன் ரொபின்சன் என்பவர் கணனிக்கு மிகப் பொருத்தமான ஒரு வழியை வகுத்தார். முரண்பாட்டின் மூலம் நிறுவும் வழி அது. நிறுவ வேண்டியதன் மறுதலையை உண்மையென எடுத்துக்கொண்டு, அதை மற்ற விதிகளோடு மோதவிட்டுப் பார்ப்பது. ஒரு புகையிரதக் கதவை உதாரணமாகக் கொள்வோம். முதல் விதி: வண்டி ஓடினால் கதவு பூட்டப்பட்டிருக்கும். இரண்டாம் விதி: பூட்டப்பட்ட கதவு திறக்காது. நிறுவ வேண்டியது: ஓடும் வண்டியின் கதவு திறக்காது. இப்போது, வண்டி ஓடுகிறது, கதவும் திறந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வண்டி ஓடுவதால், முதல் விதிப்படி கதவு பூட்டப்பட்டிருக்கிறது. பூட்டப்பட்டிருப்பதால், இரண்டாம் விதிப்படி அது திறந்திருக்க முடியாது. திறந்திருக்கிறது, திறந்திருக்கவில்லை என்ற இரண்டும் சேராது. ஆகவே நாம் வைத்துக்கொண்டது பொய். நிறுவ வேண்டியது நிறுவப்பட்டுவிட்டது. இரண்டு விதிகள் என்பதால் நமக்கு இது எளிது. இரண்டாயிரம் விதிகள் என்றால் நாம் திணறுவோம். கணனி திணறுவது குறைவு.

இம்முறைகள் வளர்ந்து, மனிதரால் தீர்க்க முடியாதிருந்த கணக்குகளையும் தீர்த்தன. 1933இல் ஹேர்பர்ட் ரொபின்ஸ் எழுப்பிய ஓர் அட்சரகணிதக் கேள்விக்கு 60 ஆண்டுகளுக்கு மேலாக எவராலும் விடை காண முடியவில்லை. 1996 ஒக்டோபரில் அமெரிக்காவின் ஆர்கோன் ஆய்வுகூடத்தில் வில்லியம் மெக்கியூன் எழுதிய புரோகிராம், ஏறத்தாழ 8 நாட்கள் ஓடி அதற்கு நிறுவலைத் தந்தது.

சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும்

ஆனால் ஒரு நியாயமான கேள்வி எழுகிறது. நிறுவும் புரோகிராமும் ஒரு புரோகிராம்தானே? அதில் பிழை இருந்தால்? சாட்சிக்கு யார் சாட்சி?

இதற்கு அறிஞர்கள் கண்ட வழி ஹதீஸ் கலையில் பரிச்சயமுள்ளோருக்கு இலகுவில் விளங்கும். ஒரு ஹதீஸை இமாம்கள் எப்படி ஆராய்ந்தார்கள்? செய்தி அழகாக இருக்கிறது என்பதற்காக அவர்கள் ஏற்றுக்கொள்ளவில்லை. அறிவிப்பாளர் வரிசையில் ஒவ்வொருவரும் நேர்மையானவரா, நினைவாற்றல் உள்ளவரா, தனக்கு முந்தியவரிடம் செவிமடுக்க வாய்ப்பிருந்ததா என்று கண்ணி கண்ணியாகப் பார்த்தார்கள். ஒரு கண்ணி அறுந்தாலும் வரிசை பலவீனமடைந்தது. மார்க்க அறிவை இயந்திரத்தோடு சமப்படுத்துவது நமது நோக்கமல்ல. முறையின் ஒற்றுமையை விளங்கிக்கொள்ளவே இதைக் கூறுகிறோம்.

நிறுவலைத் தேடும் பகுதி எவ்வளவு பெரிதாகவும் சிக்கலாகவும் இருக்கலாம். ஆனால் அது கண்டுபிடித்த நிறுவலின் ஒவ்வொரு படியையும், தர்க்க விதிகள் சிலவற்றை மட்டுமே அறிந்த மிகச் சிறிய ஒரு பகுதி சரிபார்க்கும். அதன் அனுமதியின்றி எந்தக் கூற்றும் தேற்றம் என்ற பெயரைப் பெற முடியாது. பிரித்தானிய அறிஞர் ரொபின் மில்னர் 1970களில் இவ்வேற்பாட்டை எடின்பரோவில் உருவாக்கினார். ஹோல் லைட் என்ற கருவியில் இப்பகுதி சில நூறு வரிகளே கொண்டது. சில நூறு வரிகளை மனிதர் பலர் அமர்ந்து எழுத்தெழுத்தாக வாசித்துப் பார்க்கலாம் அல்லவா?

இதன் பயனை ஒரு தோடம்பழக் கதை காட்டும். பழக்கடையில் தோடம்பழங்களைக் கூம்பாக அடுக்கும் முறையே மிகக் குறைந்த இடத்தை வீணாக்கும் முறை என்று கெப்ளர் 1611இல் கூறினார். நிறுவவில்லை. 1998இல் தோமஸ் ஹேல்ஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர் கணனியின் துணையோடு அதனை நிறுவியதாக அறிவித்தார். 12 நிபுணர்கள் ஆண்டுக்கணக்கில் அதைப் பரிசீலித்தார்கள். முடிவில், 99 வீதம் சரியென நம்புகிறோம், முழுவதும் உறுதிப்படுத்த எங்களால் இயலவில்லை என்று கையை விரித்தார்கள். ஹேல்ஸ் மனம் தளரவில்லை. தமது நிறுவலின் ஒவ்வொரு படியையும் கணனி சரிபார்க்கக் கூடியவாறு மீண்டும் எழுதும் பணியைப் பலரைச் சேர்த்துக்கொண்டு தொடங்கினார். 2014 ஓகஸ்டில் அது நிறைவுற்றது. அந்த மீதி ஒரு வீதமும் தீர்ந்தது.

ஐந்து வெற்றிடங்களின் விலை

இத்துறையைப் பல்கலைக்கழக அறைகளிலிருந்து தொழிற்சாலைக்குக் கொண்டுவந்தது ஒரு வகுத்தல் கணக்கு. 1994இல் அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்தில் தோமஸ் நைஸ்லி என்ற கணிதப் பேராசிரியர் முதன்மை எண்கள் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தபோது தமது கணனி தரும் விடைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாததைக் கண்டார். பல மாதங்கள் தேடிய பின், தவறு தமது புரோகிராமில் அல்ல, இன்டெல் நிறுவனத்தின் பென்டியம் சிப்பில்தான் என்று கண்டுபிடித்தார்.

41,95,835ஐ 31,45,727ஆல் வகுத்து, வரும் விடையை மீண்டும் 31,45,727ஆல் பெருக்கினால் முதலில் இருந்த எண்ணே வரவேண்டும். பென்டியத்திலோ 256 குறைந்தது. காரணம் என்ன? நாம் நெடும்பிரித்தல் செய்யும்போது அடுத்த இலக்கத்தை உத்தேசித்துப் போடுவது போல, அந்தச் சிப் ஓர் அட்டவணையைப் பார்த்தே இலக்கங்களைத் தெரிவுசெய்தது. அந்த அட்டவணையில் இருக்க வேண்டிய 5 பெறுமானங்கள் விடுபட்டிருந்தன. சாதாரணமாகக் கணனியைப் பாவிப்போர் 27,000 ஆண்டுகளுக்கு ஒரு தடவையே இப்பிழையைச் சந்திப்பர் என்று நிறுவனம் முதலில் சமாதானம் கூறியது. மக்கள் ஏற்கவில்லை. 1994 டிசம்பரில், கேட்போர் அனைவருக்கும் புதிய சிப் தருவதாக அது அறிவிக்க நேர்ந்தது. செலவு 47 கோடி 50 இலட்சம் டொலர்.

போட்டி நிறுவனமான ஏ.எம்.டி. இதிலிருந்து பாடம் கற்றது. தனது கே5 சிப்பின் வகுத்தல் முறை சரியானதென்பதை 1995இல் ஒரு நிறுவல் கருவியைக் கொண்டு நிறுவுவித்தது. இன்டெல்லும் 1998இல் ஹோல் லைட் கருவியை ஆக்கிய ஜோன் ஹரிசனைத் தன்னிடம் சேர்த்துக்கொண்டது. வகுத்தல், வர்க்கமூலம் போன்றவற்றுக்கான செய்முறைகளை நிறுவிச் சரிபார்ப்பது அவரது பணியாயிற்று.

அன்றாட வாழ்வில்

1998 ஒக்டோபரில் பரிஸ் நகரில் 14ஆம் இலக்க மெட்ரோ பாதை திறக்கப்பட்டது. அதன் வண்டிகளுக்குச் சாரதி இல்லை. பயணிகளின் பாதுகாப்புக்குப் பொறுப்பான புரோகிராம், பி முறை எனப்படும் கணித முறையால் ஆக்கப்பட்டது. ஏறத்தாழ 27,800 சிறு கூற்றுகளை நிறுவ வேண்டியிருந்தது. பெரும்பாலானவற்றைக் கணனி தானாகவே நிறுவியது. எஞ்சியவற்றை மனிதரின் உதவியோடு நிறுவியது. நாம் மேலே பார்த்த கதவு உதாரணத்தின் பெரிய வடிவமே அது.

2009இல் அவுஸ்திரேலியாவின் சிட்னி நகர ஆய்வாளர்கள் ஒரு கணனியின் அடித்தளமாக அமையும் சிறிய இயக்க முறைமையொன்றை முழுமையாக நிறுவிக் காட்டினார்கள். புரோகிராம் ஏறத்தாழ 8,700 வரிகள். அதற்கான நிறுவலோ ஏறத்தாழ 2 இலட்சம் வரிகள். இத்துறை இன்னும் எல்லா இடத்திற்கும் பரவாததற்குக் காரணம் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது.

எனினும் நம் கைக்கும் அது வந்துவிட்டது. இணையத்தில் இரகசியம் காக்கும் சங்கேத முறைகளின் சில பகுதிகள் இன்று நிறுவப்பட்டவை. பயர்பொக்ஸ் உலாவி 2017 முதல் அவற்றைப் பயன்படுத்துகிறது. குரோம் உலாவியிலும் அத்தகைய பகுதிகள் உண்டு. வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்பும் பணம் வங்கிக்கு வந்துவிட்டதா என்று தொலைபேசியில் பார்க்கும் தாய்க்கு, தமது இரகசிய இலக்கத்தைக் காப்பவற்றுள் ஒரு கணிதத் தேற்றமும் இருக்கலாம் என்பது தெரிய நியாயமில்லை.

நிறுவ முயல்வதே பிழையைக் காட்டிக்கொடுப்பதும் உண்டு. பெயர்களையும் எண்களையும் வரிசைப்படுத்தும் ஒரு செய்முறை பல்லாண்டுகளாக உலகெங்கும் கணனிகளிலும் கையடக்கத் தொலைபேசிகளிலும் பாவனையில் இருந்தது. 2015இல் ஐரோப்பிய ஆய்வாளர் குழுவொன்று அது சரியானதென நிறுவ முயன்றது. நிறுவல் ஓரிடத்தில் நின்றுவிட்டது. ஏன் என்று பார்த்தபோது அங்கே உண்மையிலேயே பிழை இருந்தது. அதைத் திருத்திய பின்னரே நிறுவல் நிறைவேறியது.

சாட்சிக்கும் எல்லை உண்டு

அப்படியானால் நிறுவப்பட்ட கணனி தவறே செய்யாதா? இங்கேதான் நாம் மிகவும் கவனமாக இருக்க வேண்டும்.

தொலைபேசி விபரக்கொத்தில் ஒரு பெயரைத் தேடும்போது நடுவில் திறந்து, முன்னா பின்னா என்று பார்த்து, மீண்டும் அதன் நடுவில் திறப்போம். கணனியும் அவ்வாறே தேடும். இந்தச் செய்முறை சரியானதென்று ஒரு பாடநூலில் தாளில் நிறுவியும் காட்டப்பட்டிருந்தது. ஆனால் 2006இல் ஜோஷுவா புளொக் என்ற வல்லுநர் அதில் ஒரு பிழையை வெளிப்படுத்தினார். நடுவைக் காண முதல் இலக்கத்தையும் கடைசி இலக்கத்தையும் கூட்டி இரண்டால் வகுக்கிறோம். அந்தக் கூட்டுத்தொகை ஏறத்தாழ 214 கோடியைத் தாண்டினால் கணனியின் இடம் போதாமல் அது மறை எண்ணாகிவிடும். ஜாவா மொழியின் நூலகத்தில் இப்பிழை ஏறத்தாழ 9 ஆண்டுகள் எவர் கண்ணிலும் படாமல் இருந்தது. நிறுவலின் தர்க்கம் தவறவில்லை. தாளில் எண்களுக்கு எல்லை இல்லை. இயந்திரத்துக்குள் எல்லை உண்டு. அந்த எல்லையை நிறுவியவர் கணக்கில் எடுக்கவில்லை.

ஆகவே நிறுவல் என்பது, நாம் எதைக் கேட்டோமோ அதற்கு மட்டுமே சாட்சி சொல்லும். "ஓடும் வண்டியின் கதவு திறக்காது" என்பதை நிறுவிவிடலாம். தீப்பிடித்த வண்டியின் கதவு திறக்க வேண்டும் என்று கேட்க நாம் மறந்திருந்தால், அதைக் கணனி நமக்கு நினைவூட்டாது. எதைப் பாதுகாக்க வேண்டும், யாருக்குத் தீங்கு நேரக்கூடாது என்பதைத் தீர்மானிப்பது மனிதனின் பொறுப்பு. அது அமானத். அதை எந்த இயந்திரத்தின் தலையிலும் சுமத்திவிட முடியாது.

இன்னோர் எல்லையும் உண்டு. எந்தக் கூற்றைக் கொடுத்தாலும் அது நிறுவக் கூடியதா இல்லையா என்று தவறாமல் சொல்லும் பொதுவான செய்முறையொன்று இருக்கவே முடியாது என்பதை 1936இல் சேர்ச், டியூரிங் ஆகிய இருவரும் தனித்தனியே நிறுவினார்கள். மனித அறிவுக்கு மட்டுமல்ல, அது ஆக்கிய இயந்திரத்துக்கும் வரம்பு இடப்பட்டிருக்கிறது. எல்லாம் அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே.

ஆதாரம் எங்கே?

இத்துறையின் முக்கியத்துவம் முன்னெப்போதையும் விட இன்று கூடியிருக்கிறது. கேட்ட கேள்விக்கெல்லாம் சரளமாக விடை சொல்லும், புரோகிராமும் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்துவிட்டன. சரியான விடையையும் தவறான விடையையும் அவை ஒரே தொனியில், ஒரே உறுதியோடு சொல்கின்றன. பிள்ளைகளின் வீட்டுவேலை முதல் மருந்து பற்றிய சந்தேகம் வரை பலரும் அவற்றிடம் கேட்கிறார்கள்.

இங்கும் வழி காட்டுவது நிறுவல்தான். 2024 ஜூலையில் கூகிளின் டீப்மைண்ட் நிறுவனம், சர்வதேச கணித ஒலிம்பியாட் போட்டியின் 6 கணக்குகளில் 4ஐத் தமது கருவிகள் தீர்த்ததாக அறிவித்தது. அது வெள்ளிப் பதக்கத் தரம். அவற்றுள் ஒரு கருவி தனது விடைகளை லீன் என்ற நிறுவல் மொழியில் எழுதியது. ஒவ்வொரு படியையும் லீன் சரிபார்த்தது. ஊகிப்பது ஒருவர், சரிபார்ப்பது வேறொருவர் என்ற ஒழுங்கு அங்கே பேணப்பட்டது. பேச்சு வன்மைக்காக அல்ல, ஆதாரத்துக்காகவே விடை ஏற்கப்பட்டது. உரிமை கோருபவரே ஆதாரம் கொண்டுவர வேண்டும் என்ற இஸ்லாமிய நீதி விதியை அறிந்த நமக்கு இது புதிதல்ல.

பெற்றோருக்கும் மாணவருக்கும் ஒரு வார்த்தை. சாதாரண தரப் பரீட்சையில் கேத்திரகணித நிறுவல் கடினம் என்று அதை விட்டுவிட்டு வேறு கேள்விகளைத் தெரிவுசெய்யும் மாணவர் பலர். "இதைப் படித்து என்ன பயன்?" என்றும் கேட்கிறார்கள். ஒரு கூற்றைக் கேட்டதும் தலையாட்டாமல், இது எதிலிருந்து வந்தது, இந்தப் படிக்கு என்ன காரணம், எதை நாம் சும்மா எடுத்துக்கொண்டோம் என்று கேட்கும் பழக்கத்தை அந்தப் பாடம்தான் தருகிறது. நாளை அப்பிள்ளை வைத்தியசாலை இயந்திரத்துக்குப் புரோகிராம் எழுதும் பொறியியலாளராகலாம். அல்லது அந்த இயந்திரத்தின் கீழ் படுத்திருக்கும் நோயாளியின் மகளாகலாம். இரண்டு இடத்திலும் "எனக்கு ஆதாரம் காட்டுங்கள்" என்று கேட்கத் தெரிந்திருக்க வேண்டும்.